மீனுக்கு எல்லை தெரியுமா? பவளப்பாறை மீன்களும் கடல் காப்பகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களை ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்குக் கூட்டிப்போவோம். திரும்பி வந்ததும் பள்ளிகளிலும் நூலகத்திலும் ஏற்காட்டு முகாம்களிலும் அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். எளியதில் தொடங்கிக் கொஞ்சம் சிக்கலானதில் முடியும். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது புரியும்.

"சேலத்துல கடலே கிடையாது. நமக்கெதுக்குங்க இது?"

சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சங்கரா, விளமீன், ஓரா, கலவா என்று பாறைத் திட்டுகளை நம்பி வாழும் மீன்கள் அதில் கிடக்கும். கடற்கரை ஊர்களில் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் வந்தவை. நம் குழம்புச் சட்டிக்கும் அந்தத் திட்டுக்கும் ஒரு ராத்திரிப் பயணம்தான் தூரம்.

"கடல் காப்பகம்னா என்ன மேடம்? தண்ணிக்குள்ள வேலி போடுவாங்களா?"

வேலி கிடையாது. வரைபடத்தில் ஒரு எல்லை குறித்து, அதற்குள் இன்னின்னது செய்யக்கூடாது என்று சட்டம் போடுவதுதான் கடல் காப்பகம். சில இடங்களில் மீன்பிடிப்பே கூடாது. சில இடங்களில் தூண்டில் போடலாம், படகில் கட்டிக் கடலடியோடு இழுத்துப்போகும் வலையான இழுவை மடி கூடாது. நம் மாநிலத்தில் பெரியது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கரையை ஒட்டி வரிசையாக இருக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். 1986இல் அறிவித்தார்கள். அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டரை 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆனால் கண்டிப்பான விதிகள் இருப்பது உள்ளே இருக்கும் பூங்காவுக்குத்தான்.

இந்தப் பூங்காவின் எல்லையைத் தண்ணீரின் ஆழத்தை வைத்துக் குறித்திருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீவுகளுக்குக் கரைப் பக்கம் மூன்றரை பாகம், வெளிக்கடல் பக்கம் 5 பாகம். பாகம் என்பது மீனவர்கள் இரண்டு கையையும் விரித்து அளக்கும் அளவு, ஆறடி. அப்படியென்றால் வெளிப்பக்கம் சுமார் 9 மீட்டர் ஆழத்தோடு பூங்கா முடிந்துவிடுகிறது. மீன் அங்கே நிற்குமா என்பதுதான் அடுத்த கேள்வி.

"மீன் நீந்திப் போயிடுமே? அப்புறம் கோடு போட்டு என்ன பிரயோசனம்?"

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் காட்டெருமையைப் பற்றிக் கேளுங்கள். எந்த மேட்டில் மேயும், எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும், எந்தச் சரிவில் படுக்கும் என்று விரல் நீட்டிச் சொல்வார்கள். நாலு கால் இருக்கிறதென்று அது தினமும் ஆத்தூர் வரைக்கும் போய்வருவதில்லை. தனக்குத் தேவையானதெல்லாம் கிடைக்கிற ஒரு வட்டாரத்துக்குள்ளேதான் புழங்கும். பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். எங்கே சாப்பாடு, எந்தப் பொந்தில் தூக்கம், எந்த மூலையில் எதிரி என்று தெரிந்துவைத்திருக்கும் இடத்தை விட்டு மீன் லேசில் கிளம்பாது.

அந்த வட்டாரத்தின் அளவுதான் இனத்துக்கு இனம் மாறும். கோமாளி மீன் தான் குடியிருக்கும் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரினத்தை விட்டுச் சில மீட்டர் தாண்டுவதே அபூர்வம். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பெரும்பாலும் ஜோடியாக ஒரு சிறு திட்டைச் சுற்றியே வாழ்நாளைக் கழிக்கும். கிளிமீன், நவரை, நடுத்தரக் கலவா எல்லாம் சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை. பாறை என்ற பெயரிலேயே ஒரு மீன் இருக்கிறதே, அதில் பெரிய வகைகள் ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குப் பல கிலோமீட்டர் ஓடும். சூரைக்கு ஒரு நாடு போதாது, சமுத்திரம் வேண்டும்.

ஆகவே "மீன் போயிடுமே" என்பதற்கு நான் திருப்பிக் கேட்பது, "எந்த மீன்?" என்றுதான். கோமாளி மீனுக்குப் போதுமான காப்பகம் பாறை மீனுக்கு வழியில் இருக்கும் ஒரு திண்ணை மாதிரி. சூரையைக் காக்க வேண்டுமானால் கோடு உதவாது. எவ்வளவு பிடிக்கலாம், எந்த வலையில் பிடிக்கலாம் என்ற கட்டுப்பாடுதான் உதவும்.

"அப்ப எவ்வளவு பெருசா இருக்கணும்? ஒரு கணக்கு சொல்லுங்க."

காக்க நினைக்கும் மீன் புழங்கும் தூரத்தைப் போல குறைந்தது இரண்டு மடங்கு அகலம் வேண்டும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் எளிய விதி. ஒரு மடங்கு ஏன் போதாது? ஒரு மீன் 1 கிலோமீட்டருக்குள் புழங்குகிறது என்று வைப்போம். காப்பகமும் 1 கிலோமீட்டர்தான் என்றால், சரியாக நட்டநடுவில் குடியிருக்கும் மீன் மட்டும்தான் முழுநேரமும் உள்ளே இருக்கும். கொஞ்சம் தள்ளி இருப்பதெல்லாம் தினமும் ஒருமுறையாவது கோட்டைத் தாண்டும். ஒரு முறை தாண்டினால் போதும், வலைக்காரருக்கு அதுவே வாய்ப்பு. 2 கிலோமீட்டராக்கினால் நடுவில் இருக்கும் பல மீன்கள் பத்திரம். இதில் மீன் வாழக்கூடிய திட்டின் நீளத்தைத்தான் எண்ண வேண்டும். நடுவில் கிடக்கும் வெற்று மணலைச் சேர்த்து எண்ணிக் கணக்கைப் பெருக்கக் கூடாது.

பவளப்பாறை மீன்களின் நடமாட்டம் பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுகளை அலிசன் கிரீன் என்பவரும் கூட்டாளிகளும் 2015இல் தொகுத்தார்கள். சிறு மீன்களுக்கு அரை கிலோமீட்டர் அகலமே உதவும், தூரம் ஓடும் மீன்களுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வரை தேவைப்படும் என்று அதில் தெரிகிறது.

அளவு மட்டும் போதுமா என்றால் போதாது. 2014இல் உலகம் முழுக்க 87 காப்பகங்களை ஒப்பிட்டார்கள். மீன்பிடிப்பு முழுதாக இல்லாதது, காவல் ஒழுங்காக இருப்பது, 10 ஆண்டுக்கு மேல் பழையது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பெரியது, மணலோ ஆழ்நீரோ சூழ்ந்து தனித்திருப்பது என்று ஐந்து குணங்களைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட காப்பகங்களில் இந்த ஐந்தில் ஒன்றோ இரண்டோதான் இருந்தன. அங்கே இருந்த மீன்களுக்கும், சாதாரணமாக மீன்பிடிக்கும் இடத்து மீன்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பலகை நட்டுவிட்டுப் போவதை நான் காப்பகம் என்று சொல்லாததற்கு இதுதான் காரணம்.

"தண்ணிக்குள்ள மீன் எங்க போகுதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறாங்க?"

ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் போகாது. ஒலி போகும். அதனால் மீனை மயக்கி, வயிற்றில் சிறு கீறல் போட்டு, மாத்திரை அளவுக் கருவியை உள்ளே வைத்துத் தைத்து விடுகிறார்கள். அது குறிப்பிட்ட இடைவெளியில் தன் அடையாள எண்ணை ஒலியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கடலடியில் அங்கங்கே நட்டுவைத்த கேட்பான்கள், சில நூறு மீட்டருக்குள் அந்த மீன் வந்தால் நேரத்தோடு பதிந்துகொள்ளும். நம் செல்போன் எந்த டவருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவதைப் போல. மாதக்கணக்கில், சில கருவிகளில் ஆண்டுக்கணக்கில், மீனின் போக்குவரத்து தெரிந்துவிடும்.

இன்னொரு வழி உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. அடுத்த முறை கத்தாளை வாங்கினால் தலையை வீசிவிடாதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி மண்டையோட்டைப் பிளந்து, மூளைக்குக் கீழே இடுக்கியை மெல்ல நுழைத்தாள். வெள்ளை வெளேரென்று ஒரு கல் வந்தது. மொச்சைக்கொட்டை அளவு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மேடு பள்ளம். பீங்கான் தட்டில் விழுந்து டிக்கென்று சத்தம் கேட்டதும் வகுப்பே சுற்றி நின்றுகொண்டது. அதுதான் செவிக்கல். மீன் தன் உடம்பு சாயாமல் நிற்கவும் ஒலியை உணரவும் உதவுவது. எல்லா எலும்பு மீன்களுக்கும் உண்டு, கத்தாளைக்குப் பெரியது.

உப்புத்தாளில் மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் வளையம் மாதிரி கோடுகள் தெரியும். குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு வளையம் வைக்கும். பிறந்து எத்தனை நாள் மிதந்தது, எந்த நாளில் திட்டில் இறங்கியது என்று எண்ணிவிடலாம். அந்தந்த நாளில் இருந்த தண்ணீரின் உப்புகளும் அதில் படிவதால், கழிமுகத்தில் வளர்ந்ததா, வெளிக்கடலில் வளர்ந்ததா என்பதும் ஓரளவுக்குத் தெரியும்.

"பெரிய மீன் நிக்கும்னு வெச்சுக்கங்க. முட்டையும் குஞ்சும் நீரோட்டத்துல போயிடுமாமே?"

ஆமாம், போகும். பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும். பொரிந்து வரும் லார்வா கண்ணாடி மாதிரி இருக்கும், நகத்தை விடச் சிறியது. சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை வெளிக்கடலில் மிதந்து திரியும். அத்தனை நாள் நீரோட்டத்தில் விட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயிருக்கும், எந்தத் திட்டின் குஞ்சு எந்தத் திட்டில் வளர்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்றுதான் முன்பு எல்லாரும் நம்பினார்கள்.

1999இல் வந்த முடிவு அதை அசைத்தது. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் ஒரு சிறு டாம்சல் மீனின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முட்டைக் கருக்களைச் சாயம் ஏற்றும் மருந்தில் நனைத்தார்கள். அந்த அடையாளம் செவிக்கல்லில் தங்கும். பிறகு திட்டுக்கு வந்த குஞ்சுகளில் 5,000 பிடித்துப் பார்த்ததில் 15 குஞ்சுகளிடம் அடையாளம் இருந்தது. தீவில் இடப்பட்ட முட்டைகளில் ஒரு சிறு பங்குதான் அடையாளம் பெற்றது என்பதால், கணக்குப் போட்டால் 15 முதல் 60 சதவீதம் குஞ்சுகள் பிறந்த தீவுக்கே திரும்பியிருக்கின்றன என்று ஆகிறது. 2007இல் பப்புவா நியூகினியின் கிம்பே தீவில் கோமாளி மீன், ஒருவகை வண்ணத்துப்பூச்சி மீன் இரண்டையும் பார்த்தார்கள். முன்னது 11 நாள் மிதக்கும், பின்னது 38 நாள். இரண்டிலும் சுமார் 60 சதவீதக் குஞ்சுகள் அந்தச் சின்னத் தீவுக்கே வந்து சேர்ந்தன.

எப்படி? லார்வா வெறும் தூசி இல்லை. வளர வளர நீந்தும். ஆழம் மாறி வேறு நீரோட்டத்தைப் பிடிக்கும். திட்டின் வாசனை தெரியும். பவளத்திட்டில் இறால்கள் சொடுக்கும் சத்தமும் மீன்களின் உறுமலும் சேர்ந்து ராத்திரியில் வெகுதூரம் கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டு வரும். இந்த இடத்தைச் சொல்லும்போது எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கும்.

மீதிக் குஞ்சுகள் வேறு திட்டுக்குப் போவதும் நல்லதே. ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் மரபணு மூலம் தாய் தந்தை யாரென்று தேடினார்கள். பாறைப் பரப்பில் 28 சதவீதம்தான் காப்பகம். ஆனால் சுற்று வட்டாரம் 30 கிலோமீட்டருக்குள், காப்பகத்திலும் வெளியிலும் சேர்ந்த குஞ்சுகளில் சுமார் பாதி, காப்பகத்து மீன்களின் பிள்ளைகள். 2012இல் வெளிவந்தது இது.

"ஒரே பெரிய காப்பகம் நல்லதா, சின்னச் சின்னதா பல இடத்துலயா?"

மேலே சொன்ன இரண்டு பதில்களையும் சேர்த்தால் இதற்கு விடை வந்துவிடும். வளர்ந்த மீனுக்கு அகலம் வேண்டும். லார்வாவுக்கு இறங்க அடுத்த திட்டு எட்டும் தூரத்தில் வேண்டும். அதனால் போதுமான அளவுள்ள பல காப்பகங்கள், ஒன்றுக்கொன்று சுமார் 15 கிலோமீட்டருக்குள், சிறியவை இன்னும் நெருக்கமாக என்பது நான் சொன்ன 2015 தொகுப்பின் பரிந்துரை. பல இடத்தில் இருந்தால் ஒரு புயலோ எண்ணெய்க் கசிவோ எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்துவிடாது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 2004இல் இப்படித்தான் வலைப்பின்னலாக மாற்றி அமைத்தார்கள். மீன்பிடிப்பு இல்லாத பரப்பு சுமார் 5 சதவீதத்திலிருந்து 33 சதவீதமானது.

"பவளப்பாறையை மட்டும் காத்தா போதாதா? கடல்புல், அலையாத்தி எல்லாம் எதுக்கு இழுக்கறீங்க?"

மூக்கனேரிக்குச் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். ஏரி நடுவில் உள்ள மண்திட்டு மரங்களில் கொக்கும் நாரையும் வந்து அடையும். காலையில் வயல், குட்டை என்று எங்கெங்கோ பறந்துபோய் மேயும். அந்த மரங்களை மட்டும் காத்துவிட்டு வயலையும் குட்டையையும் மண் போட்டு மூடினால் பறவை பட்டினிதான்.

மீனுக்கும் இப்படித் தினசரிப் பயணம் உண்டு. பகலில் பவளத்தில் ஒதுங்கி, இருட்டியதும் கடல்புல் வெளிக்குப் போய் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் திரும்பும் இனங்கள் இருக்கின்றன. இன்னொன்று வாழ்நாளில் ஒருமுறை நடக்கும் இடமாற்றம். குஞ்சாக இருக்கும்போது அலையாத்தி வேர்களுக்குள்ளும் கடல்புல்லுக்குள்ளும் ஒளிந்து வளர்ந்து, உடம்பு தேறியதும் பவளத்துக்குக் குடிபோவது. சங்கரா குடும்பத்தில் பல இனங்கள் இப்படி. கரீபியன் கடலில் அலையாத்திக்குப் பக்கத்தில் இருக்கும் திட்டுகளில் மீன் எடை வெகுவாகக் கூடியிருப்பதை 2004இல் காட்டினார்கள். அங்கே அலையாத்தியை வெட்டிய பிறகு, வானவில் கிளிமீன் என்ற பெரிய இனம் திட்டிலிருந்தே காணாமல் போயிருந்தது. திட்டில் யாரும் கை வைக்கவில்லை, குஞ்சு வளரும் வீடுதான் போயிற்று.

மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டியே பவளம், கடல்புல், சில தீவுகளில் அலையாத்தி மூன்றும் அருகருகே இருக்கின்றன. இது பெரிய வரம். கோடு போடும்போது மூன்றையும் ஒரே வளையத்துக்குள் கொண்டுவர முடியும்.

"அதான் வருசா வருசம் 61 நாள் தடை போடறாங்களே, அது போதாதா?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்ற தடை நல்லதுதான். கடலுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கும். ஆனால் எல்லா மீனும் அந்த 61 நாளுக்குள் முட்டையிடுவதில்லை. தடை முடிந்த மறுநாள் அதே திட்டில் அதே மீனைப் பிடிக்கலாம்.

பெரிய கலவா இனங்கள் சில, ஆண்டில் குறிப்பிட்ட மாதத்தில், குறிப்பிட்ட நிலாவில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் கூடி முட்டையிடும். அதற்காகப் பல பத்து கிலோமீட்டர், சில வேளை 100 கிலோமீட்டருக்கு மேலும் நீந்தி வரும். அந்தச் சில நாட்களில் ஒரு வட்டாரத்தின் மொத்தக் கலவாவும் ஒரு மைதான அளவு இடத்தில் நிற்கும். இடம் தெரிந்தவருக்கு அள்ளுவது சுலபம். கரீபியனில் லிட்டில் கேமன் தீவு முனையில் நசாவு கலவா கூடும் இடம் ஒன்று 2001இல் தெரியவந்தது. இரண்டே பருவத்தில் பெரும்பகுதியை அள்ளிவிட்டார்கள். 2003இல் தடை போட்டார்கள். அடுத்த 15 ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்று மடங்குக்கும் மேலானது.

ஆகவே காலத்தடை, இடத்தடை இரண்டும் வேண்டும். முட்டையிடும் இடம் காப்பகத்துக்கு வெளியே இருந்தால், முன்பு சொன்ன இரண்டு மடங்குக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வீண். மன்னார் வளைகுடாப் பூங்கா 5 பாகம் ஆழத்தோடு முடிவதைச் சொன்னேனே, அதைத் தாண்டி ஆழத்துக்குப் போய் முட்டையிடும் இனங்களுக்கு அந்தக் கோடு உதவாது. இந்த இடங்களை முதலில் அறிந்தவர்கள் வயதான தூண்டில்காரர்கள்தான். அவர்களை உட்காரவைத்துக் கேட்காமல் யாரும் வரைபடம் போடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

"எல்லைக்கு வெளியே ஒட்டினாப்ல வலை போட்டு உக்காந்துட்டா?"

உட்காருவார்கள். அது தவறும் இல்லை. காப்பகத்துக்குள் மீன் பெருகி இடநெருக்கடி வந்தால் சில வெளியே கசியும். மீனவருக்குக் கிடைக்கும் வட்டி அது. பிலிப்பைன்ஸின் அபோ தீவில் ஊர்க்காரர்களே 1982 முதல் ஒரு சிறு பகுதியை ஒதுக்கிக் காக்கிறார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது எல்லைக்கு அருகில்தான் பிடிப்பு நன்றாக இருந்தது. கரீபியனின் செயின்ட் லூசியாவில் பாறைப் பரப்பில் 35 சதவீதத்தை ஒதுக்கினார்கள். மீன்பிடிக்கும் இடம் குறைந்தும், ஐந்தே ஆண்டில் கூடு வைத்துப் பிடிப்பவர்களின் பிடிப்பு 46 முதல் 90 சதவீதம் வரை கூடியது.

ஆனால் கசிவு அளவோடு இருக்க வேண்டும். ஒரே பாறைத் தொடரின் நடுவில் கோடு போட்டால் மீன் அது தெரியாமல் நாளெல்லாம் கடந்துகொண்டே இருக்கும், காப்பகம் ஓட்டைப் பானையாகிவிடும். பல பவளப்பாறை மீன்கள் வெற்று மணல்வெளியையோ ஆழமான கால்வாயையோ தாண்டப் பயப்படும், ஒளிய இடமில்லாததால். கோட்டை அந்த மணலில் போட்டால் மீன் தானாக உள்ளே நிற்கும். மொத்தத் திட்டையும் உள்ளே வைத்து மணலில் எல்லை போடுவதா, ஒரு பக்கம் மட்டும் திட்டின் குறுக்கே போட்டு மீனவருக்குக் கசிவு விடுவதா என்பதை ஊராரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பெரிய மீன் ஒண்ணைப் பிடிச்சா பத்து சின்ன மீன் தப்பிக்குமே. அது நல்லதுதானே?"

நியாயமாகத் தோன்றும், ஆனால் கணக்கு தலைகீழ். 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய சிவப்புச் சங்கரா வகைத் தாய், 42 சென்டிமீட்டர் தாய்கள் 212 சேர்ந்து இடும் அளவுக்கு முட்டையிடும். நீளம் ஒன்றரை மடங்குகூட இல்லை. முட்டையோ 200 மடங்குக்கு மேல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கலவாக்களில் பல இனங்கள் பெண்ணாகத் தொடங்கி, பெரிதானதும் ஆணாக மாறும். பெரியதையெல்லாம் பிடித்துவிட்டால் ஆணே மிஞ்சாது. வயதான மீன் வயதாகும் வரை உயிரோடு இருக்க ஓர் இடம் வேண்டும். 10 ஆண்டுக்கு மேல் பழைய காப்பகங்கள் நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம் இது.

"மீனவங்க வயித்துல அடிக்கிற வேலையில்லையா இது?"

அடிக்கிற மாதிரியும் செய்ய முடியும். மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கையுறையோடும் கண்ணாடியோடும் கழுத்தளவு நீரில் வேலை செய்பவர்கள். பூங்கா என்று அறிவித்ததும் அவர்கள் தலைமுறையாகப் போன இடமே தடை செய்யப்பட்ட இடமானது. இழுவை மடியையும் அவர்களுடைய கைகளையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடமாட்டத்தை ஆராய்வதால் இங்கே ஒரு நன்மை இருக்கிறது. எந்த மீன் எங்கே எப்போது நிற்கிறது என்று தெரிந்தால், முழுக்கடலையும் மூட வேண்டியதில்லை. முட்டையிடும் இடம், குஞ்சு வளரும் இடம், நல்ல திட்டுகளின் நடுப்பகுதி என்று தேவையானதை மட்டும் மூடலாம். அபோவில் ஊரே காவல் காத்ததால்தான் அது நின்றது.

"கடல் சூடாகி பவளமே வெளுத்துப் போகுதாமே. அப்புறம் கோடு எதைக் காப்பாத்தும்?"

வெப்பத்தைக் கோடு தடுக்காது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய வெளுப்பு வந்தது. பவளம் செத்த இடத்தில் பாசி மூடிவிட்டால் புதுப் பவளம் ஒட்ட இடமிருக்காது. கிளிமீனும் ஓராவும் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்று இடத்தைத் துப்புரவாக வைக்கும். அவை நிறைய இருந்தால் திட்டு மீள வழி பிறக்கும், அவ்வளவுதான் சொல்லலாம்.

தண்ணீர் சூடானால் லார்வா சீக்கிரம் வளர்ந்து குறைந்த நாளே மிதக்கும். போகும் தூரம் சுருங்கலாம். அதனால் இனி வரும் காப்பகங்களை இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும். இங்கே மனித கையின் சேதமும் மறக்கக்கூடாதது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 21 என்று சொன்னேனே, அதில் இந்த இரண்டும் அடக்கம்.

"எல்லாம் சரிங்க. எங்க எஸ்டேட் காட்டெருமைக்கும் இதே கணக்குதானா?"

ஏற்காட்டு முகாமில் ஓர் எஸ்டேட் மேற்பார்வையாளர் கேட்டது. நான் காட்டெருமையை உதாரணம் சொன்னதால் வந்த கேள்வி, நல்ல கேள்வி. பாதி ஒத்துப்போகும். வளர்ந்த விலங்கின் புழங்கும் வட்டாரம், இரண்டு மடங்கு அகலம், எல்லையோரத்தில்தான் தகராறு என்பதெல்லாம் மலையிலும் அப்படியே.

ஒத்துப்போகாதது பிள்ளைகள் விஷயம். காட்டெருமைக் கன்று தாயின் பின்னாலேயே நடக்கும். அதற்கு வழித்தடம் என்றால் கால் வைத்து நடக்கும் காடு, அறுபடாமல் இருக்க வேண்டும். பவளமீனின் தாய் தன் இடத்திலேயே நிற்கும், பிள்ளை மட்டும் தெரியாத ஊருக்குப் போகும். அந்த வகையில் காட்டெருமையை விட உங்கள் மலைக் கிராமத்துக் கோயில் காட்டு மரத்துக்குத்தான் மீன் நெருக்கம் என்றேன். மரம் நகராது. விதை போகும்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சில்வர் ஓக் வரிசைக்கு நடுவில் யாரும் நடாத நாவல் கன்றுகள் அங்கங்கே முளைப்பதாகவும், கோயில் காட்டைப் பார்த்த சரிவில்தான் அவை அதிகம் என்றும், பறவை எச்சத்தில் வந்ததாக இருக்கும் என்றும் சொன்னார். எவ்வளவு தூரம் வரைக்கும் முளைத்திருக்கிறது என்று அளந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.